உப்புக் காற்றும் அலுமினியச் சக்கரமும்

(இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

தூத்துக்குடிக்காரர்களுக்கு உப்பைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்பளப் பாத்திகள்தாம். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு மிகுதியாக விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பகுதி நம் மாவட்டத்தில். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், மாடிக் கைப்பிடி எல்லாவற்றையும் இந்த ஊர்க் காற்று தின்பதை நாம் பிறந்தது முதல் பார்த்து வருகிறோம். ஆகவே துருவைப் பற்றியும் நமக்குப் பாடம் தேவையில்லை. ஆனால் துருவே பிடிக்காது என்று பலரும் நம்புகின்ற அலுமினியம் இந்தக் காற்றில் என்ன பாடுபடுகிறது என்பதைப் பற்றிச் சொல்ல என்னிடம் சில செய்திகள் உண்டு. அவற்றில் பாதியை நம் கல்லூரி ஆய்வகத்தில் கற்றேன். மீதியைப் பழைய கார்ச் சக்கரங்களைப் புதுப்பிக்கும் ஒரு பட்டறையில் கற்றேன்.

பட்டறைக்கு நான் போனதற்கும் உப்பே காரணம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தாயார் உப்பளத் தொழிலாளி. தந்தையார் லாரியில் கிளீனராகப் போய் வருபவர். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையை நாம் எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. உப்பளங்கள் மூழ்கின; அம்பாரமாகக் குவித்து வைத்திருந்த உப்பு கரைந்து போயிற்று. பாத்திகளைச் சீராக்கி மீண்டும் உப்பு எடுக்க மாதங்கள் ஆயின. அப்போது நான் பிளஸ் டூ மாணவன். தேர்வு முடிந்த கையோடு பட்டறையில் சேர்ந்தேன். வெள்ளத்தில் நின்ற கார்கள் அப்போதும் வந்துகொண்டிருந்தன. கல்லூரியில் சேர்ந்த பிறகு, 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைத்தது பெரிய உதவி. ஆயினும் வீட்டு நிலைமை காரணமாகப் பட்டறையை விடவில்லை. மாலை ஐந்து முதல் ஒன்பது வரை வேலை, ஞாயிறு முழுநாள். முதலாளியை எல்லோரும் ‘அண்ணாச்சி’ என்பார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன்.

சக்கரத்துக்கு வந்த அலுமினியம்

இன்று எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்துவிட்டதால் அலுமினியம் என்றால் நமக்கு ஓர் இளக்காரம். ஒரு காலத்தில் அது தங்கத்தோடு வைத்து எண்ணப்பட்ட உலோகம். 1825-இல் டென்மார்க் நாட்டு அறிஞர் அயர்ஸ்டெட் அதைத் தனித்துப் பிரித்தார். ஆனால் மலிவாகப் பிரிக்கும் வழி 1886-இல்தான் கிடைத்தது. அமெரிக்காவில் ஹாலும் பிரான்ஸில் ஹெரூல்ட்டும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே ஆண்டில் ஒரே முறையைக் கண்டார்கள். உருகிய கிரையோலைட்டில் அலுமினாவைக் கரைத்து மின்பகுப்புச் செய்யும் அந்த முறையை நாம் பாடத்தில் படிக்கிறோம். இன்னும் வியப்பான செய்தி, இருவரும் பிறந்தது 1863-இல்; இருவரும் மறைந்தது 1914-இல். நம் மாநிலத்திலும் ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட்டை இறக்கி, மேட்டூரில் பல ஆண்டுகள் அலுமினியம் எடுத்தார்கள்.

காரின் சக்கரத்துக்கு இந்த உலோகம் புகழோடு வந்த ஆண்டு 1924. அவ்வாண்டு பிரான்ஸில் லியோன் நகரப் பந்தயத்தில் புகாட்டி 35 என்னும் கார் அலுமினிய வார்ப்புச் சக்கரங்களோடு ஓடிற்று. இரும்பின் அடர்த்தி ஏறக்குறைய 7.9, அலுமினியத்துக்கு 2.7. சக்கரம் இலேசாக இருந்தால் மேடுபள்ளத்தில் அது தரையோடு ஒட்டி ஓடும். பிரேக்கின் சூட்டையும் விரைவில் வெளியே விடும்.

நம் தெருவில் ‘அலாய் வீல்’ என்று சொல்வது தூய அலுமினியம் அன்று. தூய அலுமினியம் சக்கரத்துக்குப் போதாத மென்மை உடையது. பெரும்பாலான வார்ப்புச் சக்கரங்களில் ஏழு விழுக்காடு அளவுக்குச் சிலிக்கனும், அரை விழுக்காட்டுக்கும் குறைவாக மக்னீசியமும் சேர்ந்திருக்கும். சிலிக்கன் சேர்ந்தால் உருகிய குழம்பு அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். மக்னீசியம் வலிமைக்கு. வார்த்த சக்கரத்தை 540 டிகிரி அளவில் சூடாக்கி, நீரில் சட்டென்று குளிர்வித்து, பிறகு 150 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சில மணி நேரம் வைத்திருப்பார்கள். அப்போதுதான் வலிமை முழுமை பெறும். இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு செய்யும் வேலை

இரும்பின் துரு உதிர்ந்து கொட்டும். அடியில் உள்ள இரும்பும் தொடர்ந்து துருப்பிடிக்கும். அலுமினியத்தின் இயல்பு வேறு. காற்றுப் பட்டவுடனே அதன் மேல் அலுமினியம் ஆக்சைடால் ஆன ஒரு படலம் உண்டாகிறது. சில நானோமீட்டர் கனந்தான். ஆனால் இறுக்கமானது, கீறினால் உடனே மீண்டும் வளர்ந்துவிடும். அலுமினியத்தை இதுவரை காத்து வந்தது இந்தப் படலமே.

நம் ஊரில் அதற்கு எதிரி குளோரைடு அயனி. படலத்தின் பலவீனமான ஓரிடத்தைத் தேடி அது துளைத்துவிடுகிறது. உள்ளே ஊசி முனையளவு குழி விழுகிறது. குழிக்குள் அமிலத்தன்மை பெருகுவதால் படலம் மீண்டும் வளர முடிவதில்லை. வெளியே ஒரு கடுகளவு வெள்ளைப் பொடி தெரியும். உள்ளே குழி ஆழமாகிக்கொண்டே போகும். சக்கரத்தின் மேல் கம்பெனியில் பூசிய கண்ணாடி போன்ற கிளியர் கோட் ஒரு கல் பட்டுத் தெறித்தால் போதும். அந்த ஓட்டை வழியே உப்பீரம் புகுந்து, பூச்சுக்கு அடியிலேயே நூல் நூலாக ஓடும். பார்ப்பதற்குப் புழு ஊர்ந்த தடம் போலவே இருக்கும். எங்கள் பட்டறைக்கு வரும் சக்கரங்களில் பெரும்பாலானவற்றில் இந்தத் தடத்தைக் காணலாம்.

இரண்டாவது பகை, இரும்பின் கூட்டுறவு. அலுமினியச் சக்கரம் இரும்பாலான ஹப்பின் மேல் உட்காருகிறது. இரண்டு உலோகங்கள், நடுவே உப்புத் தண்ணீர். மின்கலத்துக்கு வேறென்ன வேண்டும்? இதில் கரைவது அலுமினியம். நம் துறைமுகத்துக்கு வரும் எஃகுக் கப்பல்களில் பலவற்றின் அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டிகளையோ அலுமினியக் கலவைக் கட்டிகளையோ பொருத்தியிருப்பார்கள். அவை தாம் கரைந்து எஃகைக் காக்கும். கப்பலுக்குக் காவலாகும் அதே வேதிவினை காருக்கு நோயாகிறது. சில கார்களில் நட்டுகளைக் கழற்றிய பின்னும் சக்கரம் ஹப்பைவிட்டு வருவதில்லை. வெள்ளைப் பொடி இறுகிப் பிடித்திருக்கும். மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டித்தான் எடுக்க வேண்டும்.

இவற்றோடு பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூள், நடைமேடை ஓரக்கல்லில் உரசிய காயம், குழியில் விழுந்து நெளிந்த விளிம்பு. இத்தனையும் சேர்ந்ததே எங்களிடம் வரும் ஒரு சக்கரம்.

படிப்பு உதவிய இரண்டு இடங்கள்

நான் சேர்ந்த புதிதில் அண்ணாச்சி அடிக்கடி கேட்பார்: “கெமிஸ்ட்ரி படிக்கிறேங்கிற. இங்க அதுக்கு என்னடே வேலை?” கேலியாகத்தான் கேட்டார். ஆனால் எனக்குள்ளும் அந்தக் கேள்வி இருந்தது. எங்கள் தெருவில் என் வயதுப் பையன்கள் துறைமுகத்திலும் லாரி செட்டுகளிலும் சேர்ந்து சம்பளம் வாங்குகிறார்கள். மூன்றாண்டுப் படிப்பு எதற்கு என்று உறவினர்கள் என் தாயாரிடம் கேட்காத நாள் இல்லை.

முதலாண்டின் இறுதியில் ஒரு நாள், பழைய பெயிண்டை விரைவாக நீக்க வழி தேடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பட்டறையில் இரும்புக் கேட்டுகளின் பெயிண்டைக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் போட்டு எடுப்பார்கள். அதிலேயே சக்கரத்தையும் முக்கிவிடலாம் என்று மூத்த தொழிலாளி ஒருவர் சொன்னார். நான் தடுத்தேன். ஒரு கண்ணாடித் தம்ளரில் அந்தக் கரைசலைக் கொஞ்சம் எடுத்து, அலுமினியச் சீவலைப் போட்டுக் காட்டினேன். சிறிது நேரத்தில் கரைசல் பொங்கிக் குமிழி விட்டது, தம்ளர் சுட்டது, சீவல் கரைந்து மறைந்தது. காஸ்டிக் சோடா இரும்பை ஒன்றும் செய்யாது. அலுமினியத்தையோ சோடியம் அலுமினேட்டாகக் கரைத்து ஹைட்ரஜனை வெளியேற்றும். பக்கத்தில் வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில் ஹைட்ரஜன் வேறு. அண்ணாச்சி தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து கேலி குறைந்தது.

இரண்டாவது, தண்ணீர். எவ்வளவு சுத்தமாகத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தாலும் சில சக்கரங்களில் ஆறு மாதத்தில் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. பெயிண்ட் கம்பெனியை மாற்றிப் பார்த்தார்கள், பயனில்லை. நான் பட்டறையின் போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலிலும், தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரை மற்றொன்றிலும் எடுத்துக்கொண்டு, எங்கள் பேராசிரியரின் அனுமதியோடு ஆய்வகத்தில் சோதித்தேன். நைட்ரிக் அமிலம் சில துளிகள், பிறகு வெள்ளி நைட்ரேட் கரைசல். குழாய்த் தண்ணீர் இலேசாக மங்கியது. போர்த் தண்ணீரோ தயிர் போலத் திரிந்து வெள்ளை வீழ்படிவாக அடியில் இறங்கியது. முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் செய்யும் குளோரைடு சோதனைதான். எவ்வளவு தேய்த்தாலும் கடைசியில் உப்புத் தண்ணீரில் கழுவி, அதன் மேல் பெயிண்ட் பூசிக்கொண்டிருந்தார்கள்! அதன் பிறகு கடைசிக் கழுவலுக்குக் குழாய்த் தண்ணீர், அதற்கும் மேல் ஒரு குவளை பேட்டரித் தண்ணீர் என்று வழக்கமாயிற்று. கொப்புளப் புகார் வெகுவாகக் குறைந்தது. வெள்ளி நைட்ரேட்டின் விலை அதிகம் என்று ஆய்வகத்தில் துளித் துளியாக எண்ணித் தருவார்கள். அந்தச் சில துளிகள் ஒரு பட்டறையின் வழக்கத்தை மாற்றின.

நீக்குவதும் மூடுவதும்

இனி வேலை நடக்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் டயரைக் கழற்றி, விளிம்பில் மாட்டியுள்ள பேலன்ஸ் எடைகளைப் பெயர்த்து, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். விரைவில் பளிச்சிடச் செய்யும் சில வீல் கிளீனர்களில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் கலந்திருக்கும். நீர்த்த கரைசல் கையில் பட்டால் உடனே வலிக்காது. உள்ளே இறங்கிச் சதையையும் எலும்பையும் தாக்கும். அதை எங்கள் பட்டறைக்குள் அண்ணாச்சி விடுவதில்லை.

பிறகு பெயிண்ட் ரிமூவர் பூசிப் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாளால் தேய்ப்போம். உப்பு அரித்ததை உப்புத்தாள் சரிசெய்கிறது என்பது எங்கள் பட்டறை நகைச்சுவை. 80-ஆம் எண் தாளில் தொடங்கி 120, 220, 320, 400 என்று ஏறுவோம். எண் ஏற ஏறத் துகள் நுண்மையாகும். ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் போட்ட கீறலை அழிக்க வேண்டும். இடையில் ஓர் எண்ணைத் தாண்டினால் அந்தப் பழைய கீறல் கடைசியில் பெயிண்டுக்கு மேல் வந்து பல்லைக் காட்டும். ஒரு சக்கரத்துக்கு நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். முகமூடி இல்லாமல் தேய்க்கக் கூடாது.

இங்கேதான் இந்தத் தொழிலின் முதல் விதி வருகிறது. வெள்ளைப் பொடி இருக்கும் குழி ஒவ்வொன்றையும் பளிச்சென்ற உலோகம் தெரியும் வரை தோண்டித் தேய்க்க வேண்டும். ஒரு கடுகளவு விட்டாலும் அது பூச்சுக்கு அடியில் வளரும். நம் கடற்கரையில் 1961-இல் நடந்த முத்துக்குளிப்பே கடைசி. ஆனால் முத்து எப்படி விளைகிறது என்பது நமக்கெல்லாம் தெரியும். உள்ளே புகுந்து உறுத்தும் பொருளைச் சிப்பி படலத்தின் மேல் படலமாக மூடி மூடி முத்தாக்கிவிடும். அந்த வித்தை சிப்பிக்கு மட்டுமே தெரியும். நாம் அழுக்கை மூடினால் அழுக்குத்தான் விளையும்.

உரசல் காயம் ஆழமில்லாமல் இருந்தால் உலோகப் பட்டி வைத்துச் சமன் செய்யலாம். அது முகத்துக்குப் பூசும் பவுடர் போல, அழகுக்கு மட்டும்; வலிமை தராது. டயர் உட்காரும் பள்ளத்தில் பட்டியே கூடாது. அங்கே அரித்திருந்தால் காற்று மெல்லக் கசியும். தேய்த்துச் சுத்தம் செய்வதே வழி. தேய்த்த சக்கரத்தை அன்றைக்கே பிரைமர் பூசி மூட வேண்டும். பெயிண்ட் அடிப்பதை அண்ணாச்சி காலை வேளையிலேயே வைத்துக்கொள்வார். பிற்பகலில் கடற்காற்று எழும். எழுந்தால் ஈரமும் உப்பும் கூடவே வரும். இந்தக் கணக்கு அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததன்று. பிரைமர், வெள்ளி வண்ணம், கிளியர் கோட் என்று மூன்று வகைப் பூச்சு. நட்டு இறுகும் துளைகளில் பெயிண்ட் தடிக்கக் கூடாது. தடித்தால் ஓட்டத்தில் அது நசுங்கி நட்டு தளரும்.

நெளிந்த விளிம்பை நிமிர்த்துவதில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். இரும்பைச் சூடாக்கினால் சிவந்து காட்டும். அலுமினியம் நம் கண்ணுக்குச் சிவக்காது; வெள்ளையாகவே இருந்து திடீரென்று இளகி உட்கார்ந்துவிடும். அதற்கு வெகு முன்னதாகவே, 150 டிகிரியில் ஊட்டிய வலிமையை 250, 300 டிகிரிச் சூடு பறித்துவிடும். முன்னே நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகவே. கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்திய சக்கரம் பார்வைக்கு வட்டமாக இருக்கும். உள்ளே பழைய வலிமை இராது.

மண்ணெண்ணெயும் சாக்பீஸும்

விரிசலைக் கண்டுபிடிக்க அண்ணாச்சி செய்யும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. கழுவிக் காயவைத்த சக்கரத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டுவிடுவார். பிறகு துணியால் நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியை மெல்லத் தூவுவார். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் நுண்புழை ஏற்றத்தால் புகுந்திருந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடாக எழும். அந்தக் காலத்து ரயில்வே பட்டறைகளில் எண்ணெயும் சுண்ணமும் கொண்டு அச்சுகளைச் சோதித்த அதே முறை. இன்று பெரிய தொழிற்சாலைகளில் சாயம் ஊடுருவும் சோதனை என்று நடப்பது இதன் வளர்ச்சியே. அண்ணாச்சிக்குக் கற்றுத் தந்தவர் அவருடைய குரு, பள்ளிக்கூடமே போகாதவராம்.

சென்ற செப்டம்பர் இறுதியில், பழைய கார் வாங்கி விற்கும் ஒருவர் நான்கு சக்கரங்களைக் கொண்டு வந்து போட்டார். எங்கள் வேலையில் பெரும்பங்கு அவர் தருவதுதான். வண்டி விலை பேசி முடிந்துவிட்டது, மறுநாள் மாலை வேண்டும் என்றார். மூன்று சக்கரங்களில் வெறும் அரிப்பு. நான்காவதன் உள்விளிம்பில் ஒரு சிறு நெளிவு. நான்தான் மண்ணெண்ணெய் தடவிப் பொடி தூவினேன். நெளிவிலிருந்து உள்நோக்கி இரண்டு அங்குல நீளத்துக்குக் கோடு எழுந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் செய்தேன். அதே கோடு. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வியாபாரி மறுநாள் வந்தபோது அவரிடமும் காட்டினார். அவர் சிரித்தார். “உள்பக்கம்தானே வே, யாரு குனிஞ்சு பாக்கப் போறா? ஒரு வெல்டிங் வச்சு, பட்டி போட்டு, பெயிண்டை அடிச்சு விடும். கூட ரெண்டாயிரம் வாங்கிக்கிடும்.”

வெல்டிங் வைத்தால் அந்த இடத்தின் வலிமையைச் சூடு பறிக்கும். பூச்சு அதை மறைக்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் மதுரை நெடுஞ்சாலையில் போகும்போது அது திறந்தால் டயரின் காற்று நொடியில் போய்விடும். உள்ளே இருப்பவர்களின் நிலையை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதையெல்லாம் மனத்தில் ஓட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், மழை தொடங்கப் போகிறது, உப்பளம் நிற்கப் போகிறது, இந்த மனிதர் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை வேலை போய்விடும் என்ற கணக்கும் எனக்குள் ஓடிற்று. அண்ணாச்சிக்குள் ஓடிய கணக்கு இன்னும் பெரியதாக இருந்திருக்கும். பட்டறை வாடகை, மூன்று பேர் சம்பளம், மகளின் திருமணக் கடன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு சொன்னார்: “மூணு வீலு ரெடியா இருக்கு, எடுத்துக்கிடும். இதைத் தொட மாட்டேன்.”

“நீரு தொடலேன்னா ஊர்ல வேற பட்டறை இல்லையா வே?”

“இருக்கும். நான் தொட மாட்டேன்.”

சக்கரம் அவருடையது, உடைத்துப் போட எங்களுக்கு உரிமை இல்லை. அண்ணாச்சி பெயிண்ட் மார்க்கரை எடுத்து, அந்தக் கோட்டின் மேல் பெரிய எழுத்தில் ‘விரிசல்’ என்று எழுதிக் கொடுத்தார். தின்னர் தொட்ட துணியால் ஒரு நிமிடத்தில் துடைத்துவிடக்கூடிய எழுத்துதான் அது. எங்களால் ஆனது அவ்வளவே. அந்தச் சக்கரம் இன்று எந்த வண்டியில் ஓடுகிறதென்று எனக்குத் தெரியாது. கழிவு உலோகமாக உருக்கப்பட்டிருந்தால் நல்லது. அலுமினியத்தைப் புதிதாக எடுக்கும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்குக்கே பழையதை மறுபடி உருக்கிவிடலாம். விரிசல் விட்ட சக்கரத்துக்கு உரிய கதி அதுவே. ஆனால் அப்படித்தான் நடந்தது என்று நான் என்னை ஏமாற்றிக்கொள்ள முடியாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்த வியாபாரி வரவில்லை. எனக்கு ஞாயிறு வேலை இல்லாமல் போயிற்று. தேர்வுக் கட்டணத்தை இரண்டு தவணையாகப் புரட்டினோம். நடந்ததைத் தாயாரிடம் சொன்னபோது, ‘கூலி போச்சே’ என்று அவர் சொல்லவில்லை. “அந்த வண்டிய வாங்குறவுகளுக்குத் தெரியுமாய்யா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்தார்.

நண்பர்களுக்கு

மூன்றாண்டுப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இப்போது என்னிடம் ஒரு விடை உண்டு. பளபளப்பைக் கண்டு நம்பாமல், அடியில் என்ன இருக்கிறது என்று சோதித்துப் பார்க்கும் பழக்கத்தை ஆய்வகம் தருகிறது. கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டும் என்பதை ஆய்வகக் குறிப்பேடு பழக்குகிறது. ஆனால் சொன்ன பிறகு வரும் நட்டத்தைத் தாங்குவது எப்படி என்பதற்குக் குறிப்பேட்டில் இடம் இல்லை. அதைப் பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஒருவரிடம் கற்றேன். என் போல் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த நண்பர்களுக்குச் சொல்கிறேன்: மாலையில் வேலைக்குப் போவதை மறைக்காதீர்கள். வகுப்பில் படித்ததை அங்கே கொண்டு போங்கள். அங்கே கண்டதை வகுப்பில் கேளுங்கள். நம் பேராசிரியர்கள் அதை மகிழ்ச்சியோடு கேட்கிறார்கள் என்பதை வெள்ளி நைட்ரேட் தந்த அன்றே கண்டேன்.

பைக்கிலும் காரிலும் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடற்கரைச் சாலையில் போய் வந்தால் சக்கரத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். போர்த் தண்ணீர் வேண்டாம். கல் பட்டுத் தெறித்த இடத்தைப் பார்த்தவுடன் மூடுங்கள். நாள் கடத்தினால் புழுத்தடம் ஓடிவிடும். காற்று அடிக்கடி குறைந்தால் டயரை மட்டும் குறை சொல்லாமல் விளிம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறீர்களானால், வெளிப்பக்கத்தின் பளபளப்பைப் பார்த்தது போதும். சக்கரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். உட்பக்கத்தில் புதிதாகப் பூசிய தடம் தெரிகிறதா என்று பாருங்கள். கழற்ற மாட்டேன் என்று சொல்லும் இடத்தில் வண்டி வாங்காதீர்கள். கழற்றித் தந்தால், ஒரு துணித்துண்டு, கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு சாக்பீஸ் போதும். சாக்பீஸுக்கு நம் கல்லூரியில் பஞ்சமில்லை.